பால்ஸ் பிரமிட்: ஓர் எரிமலையின் மிச்சமும் அதில் ஒளிந்திருந்த பூச்சியும்

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையிலிருந்து சுமார் 600 கிலோமீட்டர் தள்ளி, தாஸ்மன் கடலில் லார்டு ஹோவ் என்று ஒரு சிறிய தீவு இருக்கிறது. ஏறத்தாழ நானூறு பேர் வசிக்கும், பனை வகை மரங்கள் அடர்ந்த பசுமையான இடம் அது. அங்கிருந்து தென்கிழக்கே இருபது கிலோமீட்டர் படகில் போனால் பசுமை எல்லாம் முடிந்துபோகும். அலைகளுக்கு நடுவே ஒரு கரும்பாறை நேராக எழுந்து நிற்கும். அதற்கு மணற்கரை கிடையாது. படகை ஒதுக்கிக் கட்ட ஒரு மூலைகூடக் கிடையாது. உயரம் 572 மீட்டர், நீளம் 1,100 மீட்டர், அகலம் 300 மீட்டர்தான். அகலத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம் கொண்ட ஒரு தீவைக் கற்பனை செய்து பாருங்கள். அதுதான் பால்ஸ் பிரமிட். உலகில் கடலிலிருந்து தனித்து நிற்கும் எரிமலைப் பாறைத் தூண்களில் இதுவே மிக உயரமானது.

1788-ஆம் ஆண்டு, சிட்னியில் ஆங்கிலேயர் குடியேறிய சில வாரங்களுக்குள், ஹென்றி லிட்ஜ்பேர்ட் பால் என்ற கடற்படை லெப்டினன்ட் ‘சப்ளை’ என்னும் கப்பலில் நார்ஃபோக் தீவுக்குப் போகும் வழியில் இதைக் கண்டார். அவர் பெயரே நிலைத்துவிட்டது. பிரமிட் என்ற பெயர் ஒரு பக்கத்திலிருந்து பார்க்கும்போது மட்டும் பொருந்தும். படகில் சுற்றி வந்தால் அதே பாறை மெலிந்து மெலிந்து, நட்டு வைத்த அரிவாள் அலகு போல ஆகிவிடும்.

இந்தப் பாறையில் மனிதர் யாரும் வசிக்கவில்லை, வசிக்கவும் முடியாது. ஆனாலும் எரிமலைத் தீவு என்றால் என்ன, அது எப்படித் தேய்கிறது, அதில் உயிர் எப்படித் தொற்றிக்கொள்கிறது என்ற மூன்றையும் ஒரே இடத்தில் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மலை எப்படித் தூணாயிற்று

பூமியின் மேலோடு ஒரே துண்டாக இல்லை. பெரிய பெரிய தட்டுகளாகப் பிரிந்து, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் நகர்ந்துகொண்டே இருக்கிறது. அந்தத் தட்டுகளுக்கு அடியில் சில இடங்களில் மட்டும் வெப்பம் மிகுந்து, பாறை உருகி மேலே வரும். இந்த இடங்களை வெப்பப் புள்ளிகள் என்கிறோம். தட்டு நகரும், வெப்பப் புள்ளி ஏறத்தாழ அதே இடத்தில் இருக்கும். அதனால் தட்டின்மீது ஓர் எரிமலை முளைத்து, நகர்ந்து, அணைந்துபோக, அதற்குப் பின்னால் அடுத்தது முளைக்கும். பல லட்சம் ஆண்டுகளில் ஒரு வரிசையே உருவாகிவிடும்.

தாஸ்மன் கடலடியில் அப்படி ஒரு வரிசை வடக்கிலிருந்து தெற்காக நீண்டு கிடக்கிறது. ஆஸ்திரேலியத் தட்டு வடக்கு நோக்கி நகர்வதால், வடக்கே உள்ளவை மூத்தவை. அவையெல்லாம் முன்பு கடலுக்கு மேலே நின்ற மலைகள். இன்று உச்சி மழிக்கப்பட்டு, தட்டையான மேசைகளாக நீருக்குள் முழுகிக் கிடக்கின்றன. தென்கோடியில் உள்ள இளையவைதான் லார்டு ஹோவும் பால்ஸ் பிரமிடும். இளையவை என்றாலும் பிரமிடின் வயது சுமார் 64 லட்சம் ஆண்டுகள்.

அந்தக் காலத்தில் இங்கே இருந்தது ஒரு கேடய எரிமலை. வெடித்துச் சிதறும் கூம்பு எரிமலைகளிலிருந்து இது வேறுபட்டது. இதன் கற்குழம்பு இளகியது. பாகு போல நெடுந்தூரம் ஓடி மெல்லிய அடுக்காக இறுகும். அதன் மேல் இன்னோர் அடுக்கு, அதற்கு மேல் இன்னொன்று. இப்படி வளர்ந்த மலை, கவிழ்த்து வைத்த கேடயம் போல அகலமாகவும் சரிவு குறைந்ததாகவும் இருக்கும். நாம் இன்று பார்க்கும் செங்குத்தான கூருக்கும் அந்த உருவத்துக்கும் துளியும் ஒற்றுமை இல்லை.

கற்குழம்பு வருவது நின்ற நாளிலிருந்து கடலின் வேலை தொடங்கியது. அலை ஒரு மலையை மேலிருந்து கரைப்பதில்லை. நீர்மட்டத்தில், அடியில் அரம் போட்டு அறுப்பது போல அறுத்துக்கொண்டே போகும். அடி போனதும் மேலே உள்ள பாறை பிடிமானம் இழந்து சரிந்து விழும். விழுந்ததை அலை உருட்டிப் பொடியாக்கிக் கொண்டுபோகும். பிறகு மறுபடியும் அடியை அறுக்கும். லட்சக்கணக்கான ஆண்டுகள் இது நடந்தால், மலை இருந்த இடத்தில் நீருக்கு அடியில் ஒரு சமதளம் மட்டும் மிஞ்சும்.

பிரமிடைச் சுற்றிலும் அந்தச் சமதளம் இருக்கிறது. சுமார் 20 கிலோமீட்டர் நீளம், 10 கிலோமீட்டர் அகலம். சராசரியாக 50 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. பழைய எரிமலை எவ்வளவு பெரியது என்பதற்கு அந்தத் திட்டே அளவுகோல். அத்தனை பெரிய மலையில் எரிமலையின் வாய்ப்பகுதியில் அடுக்கடுக்காகத் தேங்கி இறுகிய பசால்ட் பாறை மட்டும் எளிதில் அறுபடாமல் நின்றுவிட்டது. மாம்பழத்தின் சதையை எல்லாம் தின்றபிறகு கொட்டை மிஞ்சுவது போல. அருகே போனால் கிடையாகப் படிந்த அந்த அடுக்குகளைக் கண்ணால் எண்ணலாம். அவற்றைக் குறுக்கே கிழித்துக்கொண்டு மேலேறிய கற்குழம்பு இறுகிய செங்குத்துச் சுவர்களும் தெரியும்.

கொட்டையும் நிரந்தரமில்லை. பாறைச் சரிவுகள் இன்றும் நடக்கின்றன. வடக்கே முழுகிக் கிடக்கும் அண்ணன்மாரின் வரிசையில் இதுவும் ஒருநாள் சேரும்.

நிலவியலில் இன்னும் ஒரு விவரம் உண்டு. பூச்சியின் கதைக்கு அது தேவைப்படும். பனியுகத்தின் உச்சத்தில் உலகின் பெருமளவு நீர் பனிக்கட்டியாக உறைந்திருந்ததால் கடல்மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. 50 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் திட்டு அப்போது காய்ந்த நிலம். அதாவது, பிரமிடைச் சுற்றி மைல் கணக்கில் சமவெளி இருந்திருக்கும். ஆனால் லார்டு ஹோவின் திட்டுக்கும் இதற்கும் நடுவே 500 மீட்டருக்கும் மேல் ஆழமான கடற்பள்ளம் ஓடுகிறது. கடல் எவ்வளவு இறங்கினாலும் அந்தப் பள்ளம் வற்றவில்லை. இரண்டு தீவுகளும் நிலத்தால் இணைந்ததே இல்லை.

மொட்டைப் பாறையில் உயிர்

நடுக்கடலில் முளைத்த எரிமலையில் தொடக்கத்தில் ஒன்றுமே இருக்காது. அங்கே எது வந்தாலும் பறந்து வர வேண்டும், காற்றில் மிதந்து வர வேண்டும், மரக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நீரில் வர வேண்டும், அல்லது இன்னோர் உயிரின் காலிலும் வயிற்றிலும் ஒட்டிக்கொண்டு வர வேண்டும். இந்த வடிகட்டியில் தவளைகளும் நிலத்துப் பாலூட்டிகளும் பெரும்பாலும் தங்கிவிடும். கடற்பறவைகள், சிறு பூச்சிகள், பல்லி வகைகள், சில விதைகள் தப்பிவரும். பிரமிடில் இன்று இருப்பவையும் இப்படி வந்தவர்களின் வழித்தோன்றல்கள்தான்.

பாறைக்கு மண்ணைக் கொண்டுவந்து சேர்ப்பதில் பறவைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. கடலில் மீன் பிடித்துப் பாறையில் எச்சமிடுகின்றன. அந்த எச்சமும் உதிர்ந்த இறகும் பொடிந்த பாறையும் பிளவுகளில் சேர்ந்து, ஒரு கைப்பிடி மண்ணாகிறது. மழை நீர் பாறை இடுக்கில் கசியும் இடமாகப் பார்த்து அந்த மண்ணில் கோரையும் புல்லும் சில குறுஞ்செடிகளும் வேர்விடுகின்றன. பிரமிடின் தாவர உலகம் அவ்வளவுதான்.

பறவைகளுக்கு மட்டும் இங்கே குறைவே இல்லை. சாம்பல் நிறச் சிற்றாலாக்கள், கரிய முதுகு ஆலாக்கள், முகத்தில் கறுப்பு மூடி அணிந்தது போன்ற பூபிகள், நீண்ட சிவப்பு வால் இறகுகளை விரித்துப் பறக்கும் டிராபிக் பறவைகள் எனச் செங்குத்துச் சுவர் முழுவதும் கூடுகள். இவற்றுள் இரண்டைத் தனியாகச் சொல்ல வேண்டும்: கெர்மடெக் பெட்ரல், வெள்ளை வயிற்றுப் புயற்பறவை. இரண்டும் முன்பு லார்டு ஹோவின் பெரிய தீவிலும் கூடு கட்டியவை. பின்னர் அங்கிருந்து மறைந்துவிட்டன. பிரமிடிலும் சுற்றியுள்ள சில குட்டிப் பாறைத் தீவுகளிலும்தான் தொடர்ந்து வாழ்ந்தன. ஏன் என்பது கொஞ்ச நேரத்தில் புரியும்.

நீருக்கு அடியில் இருக்கும் சுவரும் வளமானது. கலாபகோஸ் சுறாக்கள் சுற்றிவரும். வேறு இடங்களில் ஆழ்கடலில்தான் இருக்கும் பலினா ஏஞ்சல் மீன், இங்கே முக்குளிப்பவர்கள் பார்க்கும் ஆழத்துக்கு ஏறி வருகிறது.

மரத்துச் சிங்கி இறால்

லார்டு ஹோவில் ஒருகாலத்தில் ஒரு குச்சிப்பூச்சி ஏராளமாக இருந்தது. குச்சிப்பூச்சி என்றதும் சுள்ளி போல மெலிந்த ஒன்று நினைவுக்கு வரும். இது வேறு மாதிரி. உள்ளங்கையில் வைத்தால் விரல் நுனியைத் தாண்டி நிற்கும். பெண் பூச்சி 15 சென்டிமீட்டர் வரை வளரும். பளபளக்கும் கருமை, தடித்த உடல், கனமான கால்கள், இறக்கை கிடையாது. ஊர் மக்கள் இதை மரத்துச் சிங்கி இறால் என்ற பொருளில் அழைத்தார்கள். பகலில் மரப்பொந்துகளில் கும்பலாக அடைந்து கிடக்கும், இரவில் வெளியே வந்து இலை தின்னும். மீனவர்கள் இதைப் பிடித்துத் தூண்டிலில் இரையாகக் கோத்தார்கள். அவ்வளவு மலிந்து கிடந்த உயிர்.

1918 ஜூன் மாதம் ‘மகாம்போ’ என்ற நீராவிக் கப்பல் லார்டு ஹோவில் தரைதட்டியது. பழுதுபார்க்கும் நாட்களில் அதிலிருந்த கறுப்பு எலிகள் கரையேறின. அதுவரை அந்தத் தீவு சுண்டெலிகளைத் தவிர வேறு எலிகளைக் கண்டதில்லை. எலிக்குப் பயந்து ஓடவோ ஒளியவோ அங்கிருந்த எந்த உயிருக்கும் தெரியாது. தரையில் முட்டையிட்ட பறவைகள், தாழ்ந்த கிளையில் கூடு கட்டிய பறவைகள், பறக்கத் தெரியாத கொழுத்த பூச்சிகள் எல்லாம் எலிக்கு விருந்தாயின. லார்டு ஹோவில் மட்டுமே வாழ்ந்த ஐந்து பறவை வகைகள் சில ஆண்டுகளில் உலகிலிருந்தே போய்விட்டன. எலியைப் பிடிக்க வெளியிலிருந்து ஆந்தைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். எலி குறையவில்லை, ஆந்தைகள் மிஞ்சிய பறவைகளையும் வேட்டையாடின. குச்சிப்பூச்சி இரண்டே ஆண்டுகளில், 1920 வாக்கில், கண்ணில் படாமல் போயிற்று. அழிந்துபோன இனங்களின் பட்டியலில் அதன் பெயர் ஏறிவிட்டது.

எலி பிரமிடுக்குப் போகவில்லை. அங்கே கப்பல் நிற்க இடமில்லை. சரக்கு இறக்க வேண்டிய தேவையும் யாருக்கும் இல்லை. நடுவில் இருபது கிலோமீட்டர் கொந்தளிக்கும் கடல். மனிதன் வசிக்க முடியாத இடம் என்பதாலேயே மனிதனோடு ஒட்டிவரும் எலியும் அங்கே வசிக்கவில்லை. சூழலியலில் இதைப் புகலிடம் என்ற கருத்தால் விளக்குவார்கள். ஓர் உயிரினம் தன் பரந்த வாழிடத்தை இழந்தபிறகு, அழிவு எட்டாத ஒரு சின்ன மூலையில் பிழைத்துக் கிடப்பதுண்டு. அந்த மூலை வசதியான இடமாக இருக்க வேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் வறண்டதாக, நெருக்கடியானதாக, வேறு யாரும் விரும்பாததாகத்தான் இருக்கும். எதிரி வர முடியாதது என்ற ஒரே தகுதிதான் முக்கியம்.

1964-இல் பிரமிடில் ஏற முயன்ற ஒரு குழுவினர், செத்துக் கிடந்த பெரிய கறுப்புக் குச்சிப்பூச்சி ஒன்றைப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு வேறு குழு முதன்முறையாக உச்சியை எட்டியது. பின்வந்த ஆண்டுகளிலும் பூச்சிகளின் உலர்ந்த மிச்சங்கள் கிடைத்தன. உயிரோடு ஒன்றையும் யாரும் பார்க்கவில்லை. பொந்துள்ள பெரிய மரம் ஒன்றுகூட இல்லாத மொட்டைப் பாறையில் காட்டுப் பூச்சி எப்படி வாழும் என்று அறிவியலாளர்கள் பலர் ஐயப்பட்டார்கள்.

ஒரு புதர், ஓர் இரவு

2001 பிப்ரவரியில் டேவிட் பிரிடெல், நிகோலஸ் கார்லைல் என்ற இரு ஆய்வாளர்கள் உள்ளிட்ட நால்வர் பிரமிடுக்குப் போனார்கள். பூச்சி அங்கே இல்லை என்பதை உறுதிசெய்துவிட்டால் பேச்சு முடிந்துவிடும் என்ற எண்ணமும் அந்தப் பயணத்தில் இருந்தது. அலை பாறையைத் தொட்டு உயரும் நொடியில் படகிலிருந்து தாவித்தான் இறங்க வேண்டும். பகல் முழுவதும் ஏறித் தேடியும் சில சுவர்க்கோழிகளைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. திரும்பி இறங்கும்போது, கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டருக்கும் குறைவான உயரத்தில், நீர் கசியும் ஒரு பிளவில் வேர்விட்டிருந்த புதர் கண்ணில் பட்டது. மெலலூக்கா ஹோவியானா என்ற இனம். லார்டு ஹோவையும் இந்தப் பாறையையும் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராதது. டீ ட்ரீ எண்ணெய் தரும் மரத்தின் உறவு. நாம் குடிக்கும் தேயிலைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

அந்தப் புதருக்கு அடியில் புழுக்கைகள் கிடந்தன. பெரிய பூச்சியின் புழுக்கைகள். காய்ந்து வெளுக்காமல் புதிதாக இருந்தன.

பூச்சி இரவில்தான் வெளியே வரும். எனவே இரவில்தான் பார்க்க முடியும். இருட்டில் அந்தப் பாறையில் ஏறுவது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. கார்லைலும் லார்டு ஹோவின் வனக்காவலர் ஒருவரும் டார்ச் விளக்கும் கேமராவும் எடுத்துக்கொண்டு மீண்டும் ஏறினார்கள். புதரின்மேல் வெளிச்சம் பட்டபோது, இலைகளுக்கு நடுவே கறுத்துப் பளபளத்துக்கொண்டு அந்தப் பூச்சிகள் நின்றன. எண்பது ஆண்டுகளாக உலகில் இல்லை என்று எழுதப்பட்ட உயிர், இலையை மென்றுகொண்டிருந்தது. அன்று பார்த்தவை மூன்று. அடுத்த ஆண்டு இரவில் கணக்கெடுத்தபோது 24. அவை இருந்த இடம் ஒரு வீட்டு மனைக்கு மேல் இருக்காது. அன்றைய நிலையில் அந்த இனம் முழுவதற்கும் தெரிந்த சொத்து அவ்வளவுதான்.

மரப்பொந்து இல்லாத இடத்தில் பூச்சி என்ன செய்தது என்ற கேள்விக்கும் அங்கே விடை கிடைத்தது. புதரின் அடியில் உதிர்ந்து மக்கிய இலையும் வேரும் சேர்ந்து ஈரமான குழிகளை உண்டாக்கியிருந்தன. பூச்சிகள் பகலில் அவற்றுக்குள் அடைந்திருந்தன.

பறக்க முடியாத பூச்சி, வற்றாத கடற்பள்ளத்தைத் தாண்டி இங்கே எப்படி வந்தது? மிதந்து வந்த மரக்கிளையில் வந்திருக்கலாம், பறவை கூடு கட்டக் கொண்டுவந்த சுள்ளியில் முட்டை ஒட்டியிருக்கலாம், தூண்டில் இரையாக யாரோ கொண்டுவந்தது தப்பியிருக்கலாம் என்று ஊகிக்கிறார்கள். இந்தப் பூச்சியில் ஆண் துணை இல்லாமலும் பெண் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்க முடியும். ஆகவே ஒரே ஒரு பெண் வந்து சேர்ந்திருந்தாலே போதும்.

பாறையிலிருந்து பண்ணைக்கு

ஒரே புதரை நம்பி ஓர் இனத்தை விட்டுவைக்க முடியாது. ஒரு பாறைச் சரிவு போதும். அதே சமயம் 24-இல் சிலவற்றை எடுப்பதும் ஆபத்து. அனுமதி கிடைக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. 2003 பிப்ரவரியில் திரும்பிப் போனபோது, இடையில் பெரிய பாறைச் சரிவு ஒன்று நடந்திருந்தது. ஏறிப் பார்க்கும்வரை எல்லாம் போயிருக்கும் என்ற அச்சம். புதர் நின்றது, பூச்சிகளும் இருந்தன. இரண்டு இணைகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

சிட்னியில் ஒரு வளர்ப்பாளரிடம் போன இணை இரண்டு வாரங்களுக்குள் இறந்துவிட்டது. மெல்போர்ன் விலங்குக் காட்சிசாலைக்குப் போன இணைக்கு ஆதாம், ஏவாள் என்று பெயரிட்டார்கள். சில நாட்களில் ஏவாள் கால்களைச் சுருட்டிக்கொண்டு நோயில் விழுந்தாள். இந்தப் பூச்சிக்கு என்ன நோய் வரும், என்ன மருந்து கொடுப்பது என்று சொல்ல உலகில் யாரும் இல்லை. அங்கிருந்த பூச்சிப் பராமரிப்பாளர் பாட்ரிக் ஹோனன், கால்சியத்தையும் தேன்பாகையும் கலந்து, ஏவாளைக் கையில் சுருண்டு கிடக்க வைத்துக்கொண்டு, துளித் துளியாக வாயில் விட்டார். ஏவாள் எழுந்தாள், முட்டையிட்டாள். அந்த ஆண்டே முதல் குஞ்சு வெளிவந்தது.

முட்டையிலிருந்து குஞ்சு வர ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். பெண் பூச்சி வயிற்றை மண்ணுக்குள் அழுத்தி முட்டைகளைப் புதைத்துவிடும். வெளிவரும் குஞ்சு பளிச்சென்ற பச்சை நிறம். பகலில் இலைகளுக்கு நடுவே நடமாடும். தோலுரித்து வளர வளரப் பழுப்பாகி, கறுத்து, இரவு வாழ்க்கைக்கு மாறும். வளர்ந்தவை இணை இணையாகப் படுத்துறங்குவதைக் காட்சிசாலையில் கவனித்திருக்கிறார்கள். ஆண் தன் ஒரு பக்கத்துக் கால்கள் மூன்றையும் பெண்ணின் மேல் போட்டபடி கிடக்கும். பூச்சிகளிடம் இதைப் பார்க்க நேர்ந்தவர்கள் வியந்துதான் சொல்கிறார்கள்.

மெல்போர்னில் அதன்பிறகு ஆயிரக்கணக்கான பூச்சிகள் பிறந்துவிட்டன. ஆனால் ஓர் ஐயம் நீண்டகாலம் இருந்தது. பிரமிடின் பூச்சி, அருங்காட்சியகங்களில் ஊசி குத்தி வைத்திருக்கும் பழைய லார்டு ஹோவ் பூச்சியிலிருந்து தோற்றத்தில் சற்று மாறுபட்டது. இரண்டும் ஒன்றுதானா? 2017-இல் இரண்டின் மரபணுக்களையும் ஒப்பிட்டார்கள். வேறுபாடு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அதே இனம்தான்.

2019-இல் லார்டு ஹோவ் முழுவதும் நச்சு இரை வைத்து எலிகளை ஒழிக்கும் பெரும் பணி நடந்தது. அதற்குப்பின் அங்கே நாற்றுகள் தழைக்கத் தொடங்கின. அந்தத் தீவுக்கே உரிய, பறக்காத காட்டுக்கோழி பல மடங்கு பெருகியது. எலி திரும்பாமல் இருந்தால் குச்சிப்பூச்சியையும் அதன் பழைய காட்டுக்குக் கொண்டுசேர்க்க முடியும். இந்த வேலை அவசரமாக முடியக்கூடியதல்ல. அவசரப்படவும் கூடாது என்பது என் கருத்து. ஒரு சினை எலி போதும், நூறு ஆண்டு முந்தைய கதை திரும்புவதற்கு.

பிரமிடில் ஏறுவதற்கு 1982 முதல் தடை. பின்னர் கடுமையான நிபந்தனைகளோடு அனுமதி பெற்றால் மட்டும் ஏறலாம் என்று மாற்றினார்கள். புதரைச் சூழ்ந்து நெருக்கும் ஊதாப்பூக் காட்டுக்கொடியை அகற்றவும் ஆட்கள் அவ்வப்போது போகிறார்கள். வெளியிலிருந்து வந்த கொடி அது. விட்டால் புதரை மூடிக் கொன்றுவிடும்.

2014-இல் அனுமதியின்றி ஏறிய ஒரு குழு, உச்சிக்கு அருகே, சுமார் 500 மீட்டர் உயரத்தில், மெலிந்த மண்ணில் நின்ற கோரைப் புதருக்குள் உயிரோடு குச்சிப்பூச்சியைக் கண்டது. அங்கே மெலலூக்கா கிடையாது. அந்த ஒற்றைப் புதருக்கு வெளியேயும், வேறு செடியைத் தின்றும் இந்தப் பூச்சி வாழ்கிறது என்பது அப்போதுதான் தெரியவந்தது.